எர்த் அடிக்குது பாய்!

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை எந்த மண்டபமானாலும் சரி, ஸ்பீக்கரில் 'ஹ்ம்ம்' என்று இரைச்சல் வந்ததும் மைக் செட்காரர் அண்ணாந்து பார்ப்பது கரண்டுக் கம்பத்தைத்தான். "டேனரியில தோல் டிரம் ஓடுது பாய், கரண்டே சுத்தமில்ல" என்பார். ஆம்ப்ளிஃபயர் முழங்காலை உரசிக்கொண்டு நிற்கும்; அதைப் பார்க்க மாட்டார். பழுதைத் தேடுவதில் அவருக்கென்று ஒரு வரிசை உண்டு. எட்டத்தில் இருப்பவர்தான் முதல் குற்றவாளி. கரண்டு, மண்டபத்து வயரிங், கிட்டார் வாசிக்கிற பையன், அவனுடைய வயர். பந்தி முடிந்து யாரும் கவனிக்காத நேரத்தில் தன் செட். சர்ச்சில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குப் பழைய வால்வு ஆம்ப் வந்துவிட்டாலோ, "வால்வு போச்சுங்க ஐயா" என்று புது ஆள்மேல் வழக்கு விழும்.

ஒன்றும் தெரியாதவர் என்று இவரைத் தள்ளிவிட முடியாது. பெரிய மோட்டார்கள் ஓடும் லைனில் கரண்டு கெடுவது உண்மைதான். ஆனால் டிரம் நிற்கிற விடுமுறை நாளிலும் அதே இரைச்சல் அதே சுருதியில் வருகிறதே! வால்யூமைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தால் அரை நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். இரைச்சல் அடங்கினால் பழுது அதற்கு முந்தைய பகுதியில்: ஜாக், வயர், கிட்டாரின் காயில், முதல் வால்வு. அடங்காவிட்டால் பின்பகுதியில். நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ். அதை டிசியாக்கும்போது மிஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸ். அதை வடிக்க வேண்டிய ஃபில்டர் கண்டென்சர் வறண்டால் அந்த 100 அப்படியே ஸ்பீக்கருக்கு வரும். இதெல்லாம் அவர் காதுக்குத் தெரியும். வாய்தான் கம்பத்தைக் காட்டுகிறது. கண்டென்சர் என்று சொல்லிவிட்டால் செலவு அவருடையதாயிற்றே.

ஆகவே பைசா செலவில்லாத வைத்தியம் ஒன்று வைத்திருக்கிறார்: மூன்று பின் பிளக்கில் தடித்த மேல் பின்னைக் கழற்றிவிடுவது. "எர்த் அடிக்குது பாய், எடுத்துட்டேன்." இரைச்சல் நின்றுவிடுகிறதே என்று கேட்டால், சில சமயம் நிற்கிறதுதான், இரண்டு எர்த்துக்கு நடுவே சுற்றிய கரண்டுக்கு வழி அடைபட்டுவிடுகிறது. ஆனால் ஆம்புக்குள் கசிவு வந்தால் அது போவதற்கு மிஞ்சும் வழி, கிட்டார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைக்கிற பையன்தான். எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டுத்தான் 1972இல் ஸ்வான்சீ மேடையில் லெஸ்லி ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் இறந்துபோனார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் செட்காரரைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.

எதிரொலி கூட்டும் ரிவர்ப் கெட்டால் அவருக்குக் கொண்டாட்டம். அதற்கென்று ஆம்பின் அடியில் ஸ்பிரிங் கட்டிய தகரப் பெட்டி இருக்கும். செட்டை ஓங்கித் தட்டுவது அவர் பரம்பரை வைத்தியம். இங்கே அதுவே சரியான பரிசோதனையும் ஆகிவிடுகிறது. தட்டியதும் இடி முழங்கினால் வாங்கும் பக்கம் சரி, கொடுக்கும் பக்கத்தில்தான் கோளாறு. கல்யாண மண்டபத்தில் இந்தத் தீர்ப்பைச் சத்தமாகச் சொல்லக் கூடாது. ரிவர்பைக் கூட்டும்போது மட்டும் இரைந்தால் பெட்டியை டிரான்ஸ்ஃபார்மரிடமிருந்து தள்ளித் திருப்பி வைத்தாலே போதும். அவருக்கு ஏது அந்தப் பொறுமை! மிக்ஸரில் எக்கோவைத் திருகிவிடுகிறார். மொய் எழுதியவர் பெயரெல்லாம் மும்மூன்று முறை ஒலிக்கிறது. வாடகைச் சீட்டில் அதற்கு மட்டும் தனிக் காசு போடுவதில்லை.