சைகைச் செம்மல்

வடபழனி, சாலிகிராமம் பக்கம் டைட்டிலும் விளம்பரமும் செய்கிற ஸ்டுடியோக்களில் இவரைப் பார்க்கலாம். மேசையில் வாகாம் டேப்லெட், விரலிடுக்கில் பேனா. மவுஸை மட்டும் வீட்டுக்கு வந்த கடன்காரனைப் போல மானிட்டருக்குப் பின்னால் உட்கார வைத்திருப்பார். “மவுஸ் கணக்கெழுதறவனுக்கு, பேனா கலைஞனுக்கு” என்பது அவர் கொள்கை.

புதிதாக வந்த உதவியாளன் சிக்கினால் குலப்பெருமை ஆரம்பமாகும். “1981லயே இங்கிலாந்துல குவான்டெல் பெயின்ட்பாக்ஸ்னு ஒரு மெஷின், தம்பி. பேனாவை ஓரத்துக்கு வீசினா மெனு வந்து நிக்கும். 2004ல ஆப்பிள் மோஷன் வந்துச்சு. பேனாவால ஒரு கோடு இழுத்தா படம் ஓடும், இன்னொரு கோட்டுக்கு ஜூம் ஆகும்!” சொன்னதெல்லாம் நிஜம். ஆனால் அவர் வேலை செய்வது ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில். அங்கே கீபோர்டில் ‘பி’ தட்டினால் பொசிஷன், ‘எஸ்’ தட்டினால் ஸ்கேல், ‘ஆர்’ தட்டினால் ரொட்டேஷன். ஒரு விரல், ஒரு தட்டு.

நம்மவருக்கு அது கௌரவக் குறைவு. தனியாக ஒரு மென்பொருள் போட்டு, ஒவ்வொரு கட்டளைக்கும் பேனாச் சைகையாக ஒரு சுழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார். மூணு சுழி ‘ண’ போட்டால் லேயர் இரண்டாகும், ரெண்டு சுழி ‘ன’ போட்டால் லேயர் அழியும். தமிழ் வாத்தியாரிடம் அடி வாங்கியும் வராத வித்தியாசம் அவசரத்தில் எப்படி வரும்? அரை நாள் உழைப்பு ஒரு சுழி குறைந்து காணாமல் போகும். “சாஃப்ட்வேர் சரியில்லப்பா” என்பார்.

அந்தப் பேனா 8192 அழுத்த நிலைகளை உணருமாம். பேட்டரியும் வேண்டாமாம். நாளைக்கே டீசர் கேட்கும் தயாரிப்பாளர் தரும் அழுத்தம் மட்டும் அதில் பதிவாவதில்லை.

பழக்கம் ஹோட்டலுக்கும் தொடர்கிறது. ‘அன்டூ’ சைகையை நினைத்து, ‘போதும்’ என்று கையை மேலே சொடுக்குவார். சர்வர் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுவார்.

உண்மையான சோதனை கிளையன்ட் வரும் நாளில்தான். “லோகோவைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்களேன்” என்பார் வந்தவர். நம்மவர் கம்பீரமாக ஒரு வீச்சு வீசுவார். லோகோ அசையாது, டைம்லைன் பின்னால் ஓடும். இன்னொரு வீச்சுக்கு லோகோவே இருக்காது. “சார், நீங்க ஒரு டீ சாப்பிட்டு வந்துடுங்க.” கிளையன்ட் படியிறங்கும் சத்தம் கேட்டதும் மானிட்டருக்குப் பின்னாலிருந்து மவுஸ் வெளியே வரும். வேலை ஒரு நிமிஷத்தில் முடியும்.

மணிக்கட்டு வலிக்காகப் பேனாவுக்கு மாறியவர்களை இங்கே சொல்லவில்லை, அவர்கள் புத்திசாலிகள். வேகத்துக்காகச் சைகை பழகுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஓட்ட, நிறுத்த, ஜூம் பண்ண, செய்ததை ரத்து செய்ய என்று நாலு சைகை போதும். ஐந்தாவதைப் பழகுவதற்குள் ரெண்டு டைட்டிலை முடித்துக் காசு வாங்கிவிடலாம்.