போட்டுக்குப் பூட்டு போட வந்த தம்பிக்கு

வா தம்பி, குந்து. ஷூவைக் கழட்டிட்டுக் குந்து, மணலு பூந்துக்கினா நாள் பூரா நறநறங்கும். இன்னா சொன்ன? போட்டுங்களுக்குத் திருட்டு பயமே இல்லாம பண்ணப் போறியா? பேஷ். தரமணில கண்ணாடிக் கட்டடத்துல, ஏசில குந்திக்கினு எங்க போட்டைப் பத்திக் கவலைப்படுறியே, அந்த மனசு யாருக்கு வரும்? அங்க ரயிலேறினா அடுத்த ஸ்டேஷன் திருவான்மியூரு. அத்தினி கிட்டக்க இருந்தும் குப்பத்துப் பக்கம் இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்.

எங்க, அந்தப் பொட்டியக் காட்டு. இத்த போட்டுல ஒட்டிட்டா, போட்டு அசைஞ்சா போனுல மணியடிக்கும். அதானே? ஷோக்கா இருக்குது. ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா பசங்க போட்டு மேலதான் ஏறிக் குதிக்கும். அப்பால ஊர்லேந்து வர்ற ஜோடிங்க சாஞ்சுக்கினு பேசும். அதுங்க போனா நாயி வந்து படுக்கும். ராத்திரி பூரா உன் மணி அடிச்சிக்கினே இருந்தா நான் எப்போ தூங்குறது, எப்போ கடலுக்குப் போறது? மூணாம் நாளு அந்தப் போனை நானே அணைச்சு வெச்சுடுவேன். நாலாம் நாளு திருடன் வருவான்.

முதல்ல ஒண்ணு கேக்குறேன், சொல்லு. கரைல கிடக்குற ஃபைபர் போட்டை எவன் லவட்டுவான்? அத்தத் தள்ளவே ஒரு கும்பல் வேணும். ஐலசா போடாம நகராது. சத்தமில்லாம அபேஸ் பண்ற சாமானா அது? திருடன் உன்னை மாதிரி மொத்தமா யோசிக்க மாட்டான், உதிரி உதிரியா யோசிப்பான். இன்ஜின், பேட்டரி, டீசல் கேனு, வலை. காசிமேட்டுல நிக்குற லாஞ்சுன்னா அடில இருக்குற வெண்கல விசிறி. கழட்டினா தோள்ல போடணும், போட்டா வித்துடணும். அவன் கணக்கு அம்மாந்தான்.

எங்க தாத்தா காலத்துல இந்தத் தலைவலியே இல்ல. கட்டுமரம்னா இன்னா? நாலஞ்சு மரத்தைச் சேத்துக் கயித்துல கட்டினது. கடலுக்குப் போய் வந்ததும் கட்டை அவுத்து, ஒவ்வொரு மரமா மணல்ல காயப் போட்டுடுவாங்க. காஞ்சாதான் மிதப்பு. பாயும் துடுப்பும் கயிறும் வூட்டுக்குப் போயிடும். ராத்திரி வர்ற திருடனுக்குக் கரைல படகே கிடையாது, கட்டைங்கதான். அவன் அத்த எடுத்து, கட்டத் தெரிஞ்சு, அலை தாண்டிப் போயிட்டான்னா, போவட்டும் விடு, அவன் நம்ம ஆளு. அந்தப் பூட்டுக்கு சாவியும் இல்ல, சார்ஜரும் இல்ல.

2004 டிசம்பர் 26 அன்னிக்கு எல்லாம் மாறிப்போச்சு. சுனாமி வாரிக்கினு போன மரத்துக்குப் பதிலா, தொண்டு பண்றேன்னு வந்தவங்க எல்லாரும் ஃபைபர் போட்டா இறக்கினாங்க. போட்டு வந்ததும் இன்ஜினும் கூடவே வந்துச்சு. சின்ன இன்ஜினே நாப்பது கிலோ சுமாரு. தோள்ல தூக்கிக்கினு வூட்டுக்குப் போய் கட்டிலுக்குப் பக்கத்துல சாச்சு வெச்சுட்டா தீந்துது விஷயம். பொண்டாட்டி திட்டுவா, பெட்ரோலு நாத்தம்னு. திட்டட்டுமே. அத்தவிட நல்ல அலாரம் உண்டா?

ஆனா பெரிய மனுஷங்க இன்னா பண்ணாங்க தெரியுமா? கரைல இருந்தா ஆபத்துன்னு சொல்லி, குப்பத்து சனங்கள்ல ஒரு பகுதியைக் கொண்டுபோய் செம்மஞ்சேரில குடி வெச்சாங்க. சோழிங்கநல்லூரையும் தாண்டி. வலை இங்க, வூடு அங்க. போட்டு கரைல தனியா கிடக்கும், அதோட சொந்தக்காரன் பஸ்ஸுக்கு நிப்பான். இங்கியே கிடைச்ச ஹவுசிங் போர்டு வூட்டுல மூணாவது மாடி விழுந்தவன் நாப்பது கிலோவைத் தூக்கிக்கினு படியேறணும். காவல் இருந்த ஆளை நகத்திட்டு, காவலுக்கு கேமரா வாங்குன்னு நீ வர்ற. வேலிக்கு ஓணான் சாட்சின்னு கேள்விப்பட்டிருக்கியா? கேமராவும் அதான். முண்டாசு கட்டுனவன் ஒருத்தன் இன்ஜினைத் தூக்கிக்கினு போறது ரொம்பத் தெளிவாத் தெரியும். அப்பால?

ஜிபிஎஸ் வெச்சா எங்க போனாலும் தெரியும்ங்கிற. தெரியும் தெரியும். வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் போய்க் கேளு. 2023 ஆகஸ்டுலயும், 2025 மே மாசத்துலயும் நடுக்கடல்ல அக்கரைலேந்து வேகப் படகுல வந்த கொள்ளைக்காரனுங்க, நாகப்பட்டினத்து ஆளுங்களை அடிச்சு வெட்டி, சாமானைப் புடுங்கினு போனானுங்க. எதை எதைத் தெரியுமா? வலை, இன்ஜின், மீனு, செல்போனு. அதோட அந்த ஜிபிஎஸ்ஸும். நீ எங்க இருக்கேன்னு சொல்ல வேண்டிய பொட்டி இப்போ அவன் மடில குந்திக்கினு அவனுக்கு வழி சொல்லும். இன்னா சாமர்த்தியம் பாரு!

சிரிக்காத, இதுல சிரிக்க முடியாததும் இருக்குது. 2008 நவம்பர்ல குஜராத் பக்கத்து ‘குபேர்’ங்கிற மீன்பிடி போட்டைத்தான் தீவிரவாதிங்க கடத்துனானுங்க. அதுல இருந்த மீனவங்களைக் கொன்னுட்டு, அந்த போட்டுலயே மும்பை கிட்டக்க வரைக்கும் வந்தானுங்க. ஒரு போட்டு களவு போனதுக்கு ஊரே ரத்தம் சிந்துச்சு. அப்பாலதான் எங்களுக்குக் கைரேகை அட்டை குடுத்தாங்க. போட்டு மேலயும் ஐ.என்.டி, டி.என்.னு ஆரம்பிக்கிற நம்பரைக் கண்டிப்பா எழுதச் சொன்னாங்க. எழுதுனோம். பெயிண்டுல எழுதுன அந்த நம்பருக்கு இன்னிக்கும் மதிப்பு இருக்குது. நடுக்கடல்ல சந்தேகமா ஒரு போட்டைப் பாத்தா, நம்பரைப் பாத்து 1093க்கு அடிச்சா கடலோரப் பாதுகாப்பு போலீசு எடுப்பாங்க. கோஸ்ட் கார்டுன்னா 1554. உன் போனுல ஏத்தி வெச்சுக்கோ, மணியடிக்கிறதைவிட இது உருப்படி.

உன் ஆளுங்க செய்யுறது எல்லாமே வீண்னு நான் சொல்லல. உங்க தரமணிலயே சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவங்களுக்குன்னு ஒரு செயலி பண்ணிக் குடுத்தாங்க. அலை எம்மாம் உசரம், காத்து எப்படி, எல்லை எங்கன்னு சொல்லுது. ஏன் நல்லா இருக்குது? பண்றதுக்கு முன்னாடி கரைல வந்து கேட்டாங்க. 2024 ஆகஸ்டுல பிரதமர் மகாராஷ்டிரால ஆரம்பிச்சு வெச்ச திட்டத்துல, நாடு பூரா ஒரு லட்சம் போட்டுக்கு செயற்கைக்கோள் கருவி மாட்டுறதா ஏற்பாடு. கரைக்குச் சேதி அனுப்பலாம், ஆபத்துன்னா கூப்பிடலாம். அதுவும் நல்லதுதான். ஆனா அது உசுருக்கு. இன்ஜினுக்கு இல்ல. ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டி விக்காத.

உன் தாத்தனுக்குத் தெரியாத சேதி ஒண்ணு சொல்றேன். சுவீடன்னு ஒரு நாடு. துட்டுக்குப் பஞ்சமில்ல, கருவிக்கும் பஞ்சமில்ல. அங்க பெரிய பெரிய இன்ஜினாப் பாத்துக் கழட்டி, கிழக்கு ஐரோப்பா பக்கம் கடத்திக்கினு போறானுங்க. அதுக்கு அவங்க இன்னா பண்றாங்க தெரியுமா? படகு கிளப்புல சேந்தவங்க முறை வெச்சுக்கினு ராத்திரிக் காவல் நிக்கிறாங்க. டாக்டரும் நிக்கணும், வக்கீலும் நிக்கணும். கைல டார்ச்சு, பிளாஸ்க்குல காப்பி. போலீசே பக்கத்து போட்டைப் பாத்துக்கோங்கன்னு கூட்டம் சேத்துச் சொல்லிக் குடுக்குது. வெள்ளைக்காரன் செஞ்சா திட்டம், எங்க ஆயா கருவாடு காய வெச்சுக்கினு போட்டையும் சேத்துப் பாத்துக்கினா அது நாட்டுப்புறம்.

இன்னும் ஒண்ணு. களவு போன இன்ஜினை எவன் திங்கிறான்? எவனோ வாங்குறான்ல. வெண்கல விசிறி காயலான் கடைக்குப் போனா, தராசுல வெச்சுக் கிலோ கணக்குல துட்டு. யாரு கொணாந்தான், எங்கேந்து கொணாந்தான்னு தராசு கேக்காது. இன்ஜின் நம்பரை அரத்தால ராவிட்டு வர்றவன்கிட்ட, அடிமாட்டு விலைக்குக் கிடைக்குதேன்னு வாங்குற புண்ணியவான் நம்மள்லயே இருக்கான். அங்க போய் மாட்டுறியா உன் கேமராவை? மாட்ட மாட்ட. கஸ்டமர் அவனாவும் இருப்பான்ல.

ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாளு மீன்பிடித் தடை. காசிமேட்டுல லாஞ்சு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு நிக்கும். ஆளுங்க ஊருக்குப் போயிடுவாங்க. அந்த நேரத்துல காவலுக்கு இருக்குற கிழவனுக்கு ஒரு குடை, ஒரு லைட்டு, மாசம் ஒயுங்கா சம்பளம், இத்தக் குடுக்க எந்த ஆப்பு இருக்குது?

மூஞ்சியத் தொங்கப் போடாத ராசா. உனக்கு வேலையே இல்லைன்னு அனுப்ப மாட்டேன். நாப்பது கிலோ இன்ஜினை வெச்சு, மணல்ல பதியாம ஒருத்தனே உருட்டிக்கினு போற மாதிரி ஒரு தள்ளுவண்டி செஞ்சு குடு. படில ஏறணும். உப்புக் காத்துல துருப் பிடிக்கக் கூடாது. அதுல மணி வேணாம், சார்ஜு வேணாம், போனுக்கு சேதியும் வேணாம். செஞ்சுட்டு வா, நானே மொத ஆளா வாங்குறேன். விலை மட்டும் தரமணி விலையா சொல்லிடாத.