மழைக்காக ஒரு ஜெபம்

நான் கே என்பதை வீட்டில் சொல்லாமல் இருந்ததற்கு ரொம்ப நாள் ஒரு கௌரவமான சாக்கு வைத்திருந்தேன்: சட்டம். 2009 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம், எங்களைக் குற்றவாளிகளாக்கிய 377-ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கியபோது, ‘உச்ச நீதிமன்றமும் சொல்லட்டும், பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டேன். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. நண்பர்கள் நொறுங்கிப்போனார்கள். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். உள்ளுக்குள் என்னவோ பரீட்சை தள்ளிப்போன பையனின் நிம்மதி. வெட்கக்கேடுதான். 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் குற்றமில்லை என்று ஒருமித்துச் சொன்னதும் அந்தச் சாக்கும் போயிற்று. அன்று ஊரில்தான் இருந்தேன். டிவியில் வானவில் கொடியைப் பார்த்ததும் அப்பா கண்ணாடியைத் தேடினார். அவர் மாட்டுவதற்குள் சேனலை மாற்றிவிட்டேன்.

எங்கள் வீடு நாசரேத் பக்கம். தாத்தா உபதேசியார். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சேகரக் கமிட்டியில் இருக்கிறார். அம்மா பெண்கள் ஐக்கிய சங்கம். ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் எங்கள் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கர்த்தரிடம் சொல்வார்கள். வந்த வரன் அக்காவுக்குப் பிடிக்கவில்லை என்று அப்பாவுக்குத் தெரிந்தது அப்படித்தான். சித்தப்பா கடனைத் திருப்பித் தராத விவகாரமும், அவர் பக்கத்திலேயே முழங்காலில் நிற்கும்போதுதான் விண்ணப்பமாக ஏறெடுக்கப்பட்டது.

எனக்கும் அதுதான் வழி என்று தோன்றியது. லெந்து நாட்களில் ஓர் இரவு, ஜெபம் பண்ணும் முறை எனக்கு வந்தது. ‘அன்பின் பரலோகப் பிதாவே’ வரை நன்றாகவே போயிற்று. ‘நீர் என்னை உண்டாக்கின விதத்தை...’ என்றேன். அம்மாவின் வளையல் சத்தம் நின்றது. அப்பா ஒருமுறை செருமினார். ‘...இந்த வீட்டார் அறிந்துகொள்ளும்படி...’ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அது பிரிந்தபோது வெளியே வந்தது இதுதான்: ‘...இந்த வருஷமாவது தூத்துக்குடி மாவட்டத்துக்கு நல்ல மழையைத் தாரும்.’ மழையிலிருந்து குளத்துக்கு, குளத்திலிருந்து வாழைக்கு, வாழையிலிருந்து தேசத் தலைவர்களுக்கு. அப்பாவே முந்திக்கொண்டு ‘ஆமென்’ போட்டு முடித்துவைத்தார்.

“எய்யா, ஜெபம் நல்லா இருந்துச்சு. நீ ஊழியத்துக்கே வந்துரலாம்” என்றாள் அம்மா.

2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள முதலில் தானே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். அப்புறம்தான் தீர்ப்பு எழுதினார். எங்களை ‘மாற்றிக் காட்டுகிறோம்’ என்னும் சிகிச்சைக்கும் தடை போட்டார். நீதிபதியே மாணவராகும்போது வாத்தியார் ஆகமாட்டாரா? செய்தியைக் கத்தரித்து வைத்திருந்து, கிறிஸ்மஸுக்குப் போனபோது அப்பாவின் வேதாகமத்துக்குள் செருகினேன். செருகிய சூட்டோடு மாவீரனாகச் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன். அடுத்த முறை பார்த்தால் தாள் அங்கேயே இருந்தது. நிருபர் விட்டிருந்த ஒற்றெழுத்துகளை அப்பா சிவப்பு மையில் போட்டிருந்தார். அப்படியானால் படித்திருக்கிறார். என்ன நினைத்தார் என்று கேட்க இன்னும் வாய் வரவில்லை.

அம்மா நான் சொல்லும்வரை காத்திருக்கவில்லை போலிருக்கிறது. போன தடவை அவள் ஜெபத்தில், ‘இவனுக்கு ஏற்ற துணையை’ என்று வழக்கமாக வரும் இடத்தில் அது வரவில்லை. ‘இவங்கூடத் தங்கியிருக்கிற தம்பிக்கும் நல்ல சுகத்தைத் தாரும்’ என்றாள்.

காலையில் அடுப்படியில் கேட்டாள்: “அந்தத் தம்பி கருவாடு தின்பானா?”

இதைவிட வாசலைத் திறந்து வைக்க யாராலும் முடியாது. அவன் யார், எனக்கு என்ன வேண்டும், எல்லாவற்றையும் அங்கேயே சொல்லியிருக்கலாம். குறைந்தபட்சம் கும்பகோணத்துச் சைவம் என்றாவது சொல்லியிருக்கலாம். “நல்லாத் தின்பாம்மா” என்றேன்.

நெத்திலியும் சாளையுமாக ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தாள். அது இப்போது சென்னையில் எங்கள் பால்கனியில் இருக்கிறது. யாருடையது என்று அவன் கேட்டதற்கு, கீழ்வீட்டுக்காரருடையது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.