சோடா மூடிச் சுரண்டி: தோற்றமும் வளர்ச்சியும் பரண் ஏற்றமும்

ஆய்வு எல்லை

கோடையில் கண்மாய் வற்றியதும் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊத்தாவும் வலையுமாக இறங்கிய ஆண்கள் சேறு பூசிய காலோடு ஒரு சாக்குக் கெண்டையைத் திண்ணையில் கொட்டுவார்கள். அக்கணம் முதல் குழம்பு கொதிக்கும் வரையிலான காலமே இவ்வாய்வின் எல்லை. கடையிலேயே ‘வெட்டிக் குடுத்துருங்க’ என்று சொல்லிவிடுவோர் இதில் அடங்கார். கட்டையில் சோடா மூடி அடித்துச் செதில் சுரண்டும் கருவியைச் செய்பவர் வேறு, மீன் ஆய்பவர் வேறு என்பது கருதுகோள்.

வரலாற்றுப் பின்னணி

செதில் சுரண்டும் கலையின் வரலாறு சோடாவின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. 1872இல் ஹிராம் காட் காப்புரிமை பெற்ற கோலி சோடா பாட்டிலுக்கு மூடியே கிடையாது. கோலிக்குண்டை வைத்து ஒரு செதிலையும் எடுக்க முடியாது. ஆகவே அடுத்த இருபது ஆண்டுகளை இருண்ட காலம் எனலாம். 1892இல் அமெரிக்காவின் வில்லியம் பெயின்டர் பல் வைத்த தகர மூடிக்குக் காப்புரிமை பெற்றார். கேஸ் வெளியேறாமல் இருக்கவே அதைச் செய்தார் என்பது மேலோட்டமான பார்வை.

பெயின்டரின் மூடிக்கு 24 பற்கள். இன்றைய மூடிக்கு 21. ஒரு கட்டையில் மூன்று மூடி அடித்தால் 63. இவ்வெண் தற்செயலானதன்று என வாதிடுவோர் அறுபத்து மூவரைச் சுட்டுவர். அவர்களுள் நாகை அதிபத்தர் மீனவர் என்பதைச் சான்றாகவும் காட்டுவர். ஆனால் அவர் தம் வலையில் சிக்கிய மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டவர். அம்மீனுக்குச் செதில் எடுக்கும் தேவையே எழவில்லை. எனவே இவ்வாதம் தள்ளப்படுகிறது.

கருவி அமைப்பு

பழைய சன்னல் சட்டத்தில் அறுத்த ஒரு சாண் கட்டை போதும். மூடியின் பற்கள் மேல்நோக்கி இருக்க, உள்பக்கமிருந்து ஆணி அடிக்க வேண்டும். ஓர் ஆணியோடு நிறுத்தினால் மூடி சுற்றும், செதில் அசையாது. இரண்டு அடித்தாக வேண்டும். ஆணி கட்டையைவிட நீளமாக இருப்பின் மறுபக்கம் எட்டிப் பார்த்து உள்ளங்கையை ஆய்வுக்கு உட்படுத்தும்.

செதில் தலைப் பக்கம் தோலில் புதைந்து, வால் பக்கம் ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். ஆகவே வாலிலிருந்து தலைக்குச் சுரண்டுவதே முறை. மீனைத் தண்ணீரில் அமிழ்த்திச் சுரண்டினால் செதில் பறக்காது. இதை அறியாதார் வீட்டில் மிக்ஸி மீதும் நாட்காட்டி மீதும் காய்ந்து ஒட்டிய செதில்கள் அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வரை நிலைத்திருக்கும்.

கருவியின் வரம்புகள்

1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இச்சுரண்டிக்கு முழுமையாகப் பணியும். கெளுத்திக்குச் செதிலே இல்லை. விராலுக்கு உண்டு, ஆனால் வழுவழுப்பில் கை நிற்காது, சாம்பல் வேண்டும். அயிரைக்கு மண்சட்டியும் கல்லுப்பும் போதும். ஆக, கெண்டையைத் தாண்டினால் கருவிக்கு வேலை குறைவு என்பது புலனாகிறது.

கள ஆய்வு

கருவியாளர் இரண்டாம் மூடிக்கு ஆணி தேடிக்கொண்டிருந்தபோது பின்கட்டில் பதிவான உரையாடல் வருமாறு:

“இன்னும் எவ்வளவு நேரம் ஆகுங்க?”

“இந்தா, ஒரே ஒரு மூடிதான். இது முடிஞ்சா உனக்கு வேலையே இருக்காது.”

“எனக்கு இப்பவே வேலை இல்லை. மீனை ஆய்ஞ்சு மஞ்சள் தடவி வச்சாச்சு.”

மீன் ஆய்ந்தவர் பயன்படுத்தியது அரிவாள்மனை. அதில் வெட்டுவாய் அசைவதில்லை. காலால் மனையை அழுத்திக்கொள்வதால் இரு கையும் மீனைப் பிடிக்கக் கிடைக்கின்றன. செதில், செவுள், குடல், துடுப்பு ஆகிய நான்கையும் அவர் எழுந்திருக்காமலே முடித்தார். சுரண்டியோ முதலாவதை மட்டுமே செய்யவல்லது.

கண்ட முடிவுகள்

1. கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.

2. கருவி செய்ய ஆகும் நேரம் எப்போதும் மீன் ஆய ஆகும் நேரத்தைவிடக் கூடுதல். இது குறையன்று, கருவியின் நோக்கமே அதுதான். சுத்தியல் கையில் இருக்கும்வரை அக்கையில் யாரும் மீனைக் கொடுப்பதில்லை.

3. ஒருமுறை பயன்படுத்திய சுரண்டியின் பல்லிடுக்கில் செதில் தங்கி, மறுநாளே வீடு கவுச்சி அடிக்கும். புளித்தண்ணீரில் ஊறவைத்தால் வாடை அடங்கும் என்பதில் வேதியியலும் பாட்டியும் உடன்படுகின்றனர். ஊறவைப்பது யார் என்பதில் உடன்பாடு எட்டப்படாததால் கருவி பரணேறுகிறது.

மேலாய்வுக்குரிய களம்: சுரண்டியைக் கழுவ ஒரு கருவி. கட்டை அறுத்தாயிற்று.