பசியில்லாத செடிக்குப் பந்தி

இன்று காலை என் செடிக்கு யாரோ வத்தக்குழம்பு ஊற்றியிருக்கிறார்கள்.

ஊகமாகச் சொல்லவில்லை. செடியடி மண்ணில் சுண்டைக்காய் கிடந்தது. மண்மேல் நல்லெண்ணெய் படலமாக மினுமினுத்தது. குனிந்து மோந்து பார்த்தேன். வெந்தயம் கொஞ்சம் தூக்கல், மற்றபடி நல்ல குழம்புதான். எனக்குக் கொடுத்திருந்தால் சுட்ட அப்பளத்தோடு ஒரு பிடி பிடித்திருப்பேன். செடிக்கு எதற்கு?

கேட்டேன். இரண்டாம் மாடி அக்கா கொஞ்சமும் அசரவில்லை. “குழம்பு எங்க சார் ஊத்தினேன்? சட்டி கழுவின தண்ணி. சோப்புகூடப் போடல. சும்மா சாக்கடைல போறதுக்குச் செடிக்காவது போகட்டுமேன்னுதான்.”

உப்பு, புளி, காரம், எண்ணெய் எல்லாம் சேர்ந்த தண்ணீர். ஆனாலும் சோப்புப் போடவில்லையாம். அந்த அளவுக்கு மனசாட்சி.

செடி என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். விட்டால் இருபது இருபத்தைந்து அடி போகிற சிறுமரம் அது. அச்சிநறுவிலி. நர்சரியில் கார்டியா என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். சென்னையில் எந்தத் தெருவிலாவது நீங்கள் இதைப் பார்த்திருப்பீர்கள், பேர் தெரியாமல் கடந்தும் போயிருப்பீர்கள். கிளை நுனியில் கொத்துக்கொத்தாகச் செம்மஞ்சள் பூ. ஒவ்வொரு பூவும் குழாயாக எழும்பி, விளிம்பில் சுருக்கம் சுருக்கமாக விரியும், இஸ்திரி போட மறந்த மாதிரி. இலையைத் தடவினால் அசல் உப்புத்தாள். பூ உதிர்ந்த பிறகு அதன் புல்லிவட்டமே உப்பி, வெள்ளைக் காயாகத் தொங்கும். தின்னலாம் என்கிறார்கள். தின்றேன். ஒரு ருசியும் இல்லை.

போராஜினேசியே குடும்பம். இந்தக் குடும்பத்தில் பலருக்கும் உடம்பெல்லாம் முரட்டு ரோமம். நம்மூர் நறுவிலி இதற்கு நெருங்கிய சொந்தம். அதன் பழக் கோழையைப் பசையாக்கி நோட்டுக்கு அட்டை ஒட்டிய தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மூக்குச்சளிப் பழம் என்று பேர் வைத்து அதன் மானத்தை வாங்கியதும் அதே தலைமுறைதான்.

இந்தச் செடியை எப்படி வளர்ப்பது என்று மூன்று வரியில் சொல்லிவிடலாம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்த ஊற்றுகிற விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

முதல் மாடியிலிருந்து வருவது கழனித்தண்ணீர். விடிந்ததும் முதல் ஊற்று அதுதான். அரிசி களைந்த தண்ணீர் செடிக்குக் குளிர்ச்சி என்பது அந்த வீட்டு அம்மாவின் கொள்கை. செடிக்குச் சூடு பிடித்திருப்பது அவருக்கு இலையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தவரை இது கரீபியன் தீவுகளின் கடற்கரைச் செடி, வெயில்தான் அதன் சாப்பாடு, நாள் முழுக்க நேர் வெயில் பட்டால்தான் ஒழுங்காகப் பூக்கும். “அதெல்லாம் அங்க. இங்க வந்ததுக்கப்புறம் நம்ம உடம்புதானே அதுக்கும்?” என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? சித்திரையில் நல்லவேளையாக எண்ணெய் தேய்த்துவிடாமல் இருந்தார்.

அடுத்தது டீத்தூள். தரைத்தள வீட்டில் ஒரு நாளைக்கு ஐந்து வேளை டீ. வடிகட்டியைக் கொண்டுவந்து செடிமேல் ஒரு தட்டு. வெறும் டீத்தூள் என்றால் மக்கி மண்ணோடு போகும், எனக்கு வழக்கில்லை. இது பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதித்த தூள். சர்க்கரைக்கு எறும்பு வருகிறது. வந்த எறும்பு சும்மா போகுமா? மாவுப்பூச்சிகளுக்குக் காவல் நிற்கிறது. மாவுப்பூச்சி கழிக்கும் தித்திப்பு நீர் எறும்புக்கு ஆகாரம், பதிலுக்கு அதை வேறு பூச்சி தின்றுவிடாமல் எறும்பு பார்த்துக்கொள்ளும். ஒரு டம்ளர் டீயில் இவ்வளவு பெரிய கூட்டணி அமைகிறது. இளந்தண்டில் வெள்ளை வெள்ளையாக அப்பியிருப்பதைக் காட்டினால், “விபூதி மாதிரி இருக்கே, நல்லதுதான்” என்கிறார்கள்.

முட்டை ஓடு தனிக்கதை. எங்கள் குடியிருப்பில் யாரும் முட்டை சாப்பிடுவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் எனக்குத் தனித்தனியாக உறுதி கூறப்பட்ட செய்தி இது. ஆனாலும் ஞாயிறு தாண்டினால் செடியடியில் ஓடுகள் கவிழ்ந்து கிடக்கின்றன. கிளை நுனியிலும் ஒன்று செருகியிருக்கும், திருஷ்டிக்கு. எந்தக் கோழி மாடியேறி வந்து இட்டதோ தெரியாது. ஓடு முழுக்க சுண்ணாம்புச்சத்துதான், மறுப்பதற்கில்லை. ஆனால் முழுசாகப் போட்ட ஓடு கரைந்து வேருக்குப் போய்ச் சேர்வதற்குள், போட்டவர் வாடகை வீடு மாறிவிடுவார்.

இன்னும் முடியவில்லை, பொறுங்கள். வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர். பருப்பு கழுவிய தண்ணீர். கறிவேப்பிலைக்கென்று எடுத்துவைத்து, கறிவேப்பிலை பட்டுப்போனதால் இதற்கு மாற்றல் ஆன புளித்த மோர். பூ கொட்டுகிறது என்று பெருங்காயம் கரைத்த தண்ணீர். தேதி முடிந்த சத்து மாத்திரை. மண்ணில் அரையும் குறையுமாய்ப் புதைந்திருந்த அந்த மஞ்சள் மாத்திரையை நான் விதை என்று நினைத்து ஒருவாரம் பாதுகாத்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே தெய்வ காரியம். பூஜையில் கழித்த பூ கால் படாத இடத்தில் போட வேண்டும். எங்கள் வளாகத்தில் கால் படாத இடம் என்று மிச்சமிருப்பது என் செடியின் அடி ஒன்றுதான், மற்றதெல்லாம் கார் நிற்கிறது. ஆகவே வாடிய மாலை, அதைக் கட்டிய நார், வெற்றிலை, சந்தன உருண்டை, அபிஷேகப் பால் எல்லாம் அங்கேதான். போன மாதம் ஒரு வளைகாப்பு. ஆரத்தித் தட்டை நேராகக் கொண்டுவந்து வேரில் கவிழ்த்தார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவந்த நீர் பாத்தி முழுக்க நின்றது. பார்க்கிறவர்கள் கொலை விழுந்துவிட்டது என்று நினைக்கக்கூடும். ஆட்சேபிக்கலாம் என்று போனேன், கையில் சித்ரான்னப் பொட்டலத்தைத் திணித்துவிட்டார்கள். பேச்சு நின்றுவிட்டது. புளியோதரை நன்றாகவும் இருந்தது.

நான் மட்டும் ஏதோ துறவி என்று நினைக்க வேண்டாம். என் பால்கனியில் மீன் அமிலம் இருக்கிறது. மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூன்று வாரத்துக்கு மேல் ஊறல். பக்கத்தில் தேமோர்க் கரைசல், தேங்காய்ப்பாலும் மோரும் புளித்தது. ஒரு கேனில் பஞ்சகவ்யம். பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி, அதாவது 3 சதம் என்று கொடுமுடி நடராஜன் காலத்திலிருந்து சொல்லிவரும் அளவை, இருமல் மருந்து மூடியால் அளந்து அளந்து கலப்பேன். என் மனைவி பால்கனிக் கதவைத் திறப்பதையே விட்டுவிட்டாள். துணி எல்லாம் கூடத்தில்தான் காய்கிறது. ஆனால் நான் அளந்து ஊற்றுகிறேன், மற்றவர்கள் அளக்காமல் ஊற்றுகிறார்கள். இந்த வித்தியாசத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இவ்வளவையும் வாங்கிக்கொண்டு செடி என்ன செய்தது? தழைத்தது. இலை ஒவ்வொன்றும் கைக்குட்டை அகலம், கரும்பச்சை. எல்லோருக்கும் பரம திருப்தி. பூ? ஒன்றுகூட இல்லை. தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையாய்த் தள்ளும், பூவை மறந்துவிடும். விவசாயக் கல்லூரிக்குப் போக வேண்டாம், கத்தரிக்கு யூரியா அள்ளிப் போட்டுப் பார்த்த எவரும் சொல்வார். பூக்கவில்லை என்றதும் எங்கள் ஆட்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள்? பத்தவில்லை. இன்னும் போடு.

1832இல் பறவை ஓவியர் ஆடுபான் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள கீ வெஸ்ட் தீவுக்குப் போனார். வெள்ளைத்தலைப் புறாக்களை இந்த மரத்தின் பூங்கொத்துகளுக்கு நடுவே உட்காரவைத்து வரைந்தார். மரத்துக்கு ஜான் கைகர் என்ற கப்பல் தலைவரின் பேரை வைத்தவரும் அவர்தான் என்கிறார்கள்; புளோரிடாவில் இன்றைக்கும் கைகர் மரம்தான். அந்தத் தீவு என்ன பொன்விளையும் பூமியா? சுண்ணாம்புப் பாறை, உப்புக் காற்று, வருஷா வருஷம் புயல் பயம். அதில் நின்று பூத்தது. கவிழ்ந்த கப்பல்களின் சரக்கை மீட்டுப் பிழைத்தவர் கைகர். அப்படிப்பட்டவர் சட்டி கழுவிய தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன். எங்கள் வளாகத்திலேயே, கழிவுநீர்த் தொட்டி மூடிக்குப் பக்கத்தில், சிமெண்டு விரிசலில் ஒரு தேள்கொடுக்குச் செடி நிற்கிறது. இதுவும் அதே போராஜினேசியே குடும்பம்தான், ஏழைப் பங்காளி. நுனி சுருண்ட தண்டில், ஒரு பக்கமாக இரண்டு வரிசை, வெளிர் ஊதாவில் பொடிப்பூ. அடியில் இருக்கும் பூ காயாகிவிடும், நுனி இன்னும் சுருள் அவிழ்ந்துகொண்டே இருக்கும். வருஷம் பூராவும் பூக்கிறது. ஒருவரும் அதற்குத் தண்ணீர்கூட ஊற்றியதில்லை. வாட்ச்மேன் அண்ணன் பீடித்துண்டை அதன்மேல்தான் நசுக்குவார். அதன் உடம்பு சூடா குளிர்ச்சியா என்று முதல் மாடி அம்மாள் இதுவரை விசாரித்ததில்லை.

விற்ற நர்சரிக்காரரிடம் போய் முறையிட்டேன். அவர் பீன்ஸ் நாற்றைப் பையில் ஊன்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல், “வேர் பிடிக்கிற வரைக்கும்தான் சார் தண்ணி. அப்புறம் மண்ணு நல்லா காயட்டும். தண்ணி தேங்காம பாத்துக்கங்க. நீங்க அத மறந்துடுங்க, அது பூத்துக்கும்” என்றார். மறப்பதற்கு நான் ஒருத்தன் தயார். இருபத்துநான்கு வீடும் மறக்க வேண்டுமே.

‘தயவுசெய்து எதுவும் ஊற்ற வேண்டாம்’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். அட்டைக்குக் கீழே ஊற்றினார்கள். வேலி போட்டேன். வேலிக்கு மேலிருந்து ஊற்றினார்கள். உயரம் கூடியதால் குழி விழுந்தது. மீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பிடிக்கலாம் என்று விடியற்காலையில் போனால், வாட்ச்மேன் அண்ணன் டார்ச்சை முகத்தில் அடித்து, “என்ன சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா?” என்றார். இப்போது அவர் என்னிடம் பரிவாகப் பேசுகிறார். தினமும் டீ வேண்டுமா என்று கேட்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் விஷயத்தைக் கிளப்பினேன். முதலில் எழுந்தவர் வெள்ளைக் கார்க்காரர். பூ வந்தால் கார்மேல் உதிர்ந்து கறையாகும், வராமல் இருப்பதே மேல், வெட்டிவிட்டால் அதனினும் மேல் என்றார். இதைக் கேட்டதும் ஊற்றும் கட்சி மொத்தமும் கொதித்தெழுந்தது. பிள்ளை மாதிரி வளர்க்கிறோம், வெட்டுவதாவது? வத்தக்குழம்பு அக்கா கண் கலங்கிவிட்டார். எனக்கு யார் பக்கம் நிற்பதென்றே புரியவில்லை.

செயலாளர் இரண்டு தரப்பையும் அமர்த்தி ஒரு சமரசம் கண்டார். செடியை வெட்டுவதில்லை. ஆனால் இனி அவரவர் இஷ்டத்துக்கு ஊற்றவும் கூடாது. நான் கைதட்டிவிட்டேன், அவசரப்பட்டு. அவர் இன்னும் முடிக்கவில்லை. எல்லா வீட்டுக் கழனித்தண்ணீரையும் சமையல் கழிவையும் சேர்த்துப் பிடிக்க 200 லிட்டர் நீல டிரம் ஒன்று வாங்குவது, அதற்கு அடியில் குழாய் வைத்து நேராகச் செடிக்கே விடுவது, பசுமைக் குழு என்று ஒன்று அமைத்து, அனுபவம் உள்ளவன் என்பதால் என்னைத் தலைவனாகப் போடுவது. கையைத் தூக்கச் சொன்னார்கள். என்னையும் வெள்ளைக் காரையும் தவிர எல்லாக் கையும் தூக்கியிருந்தது.

டிரம்முக்கு வீட்டுக்கு நூறு ரூபாய், அடுத்த மாதப் பராமரிப்புத் தொகையோடு சேர்த்துக் கட்ட வேண்டுமாம். நான் கட்டப்போவதில்லை. தலைவனாக இருந்தாலும் கட்டப்போவதில்லை.