நூத்தம்பதாவது ஆளு

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. மொதல்ல அந்த மண்டையோட்டை உள்ள வை. போன தடவை சீனியர்கிட்ட வாங்கின எலும்பு மூட்டையை அரிசிப் பையில கட்டிக் கட்டிலுக்கடியில தள்ளிட்டுப் போயிட்ட. புழுங்கலரிசின்னு அவுத்துப் பார்த்த ஒங்க அப்பத்தா, வீடு பூரா மஞ்சத்தண்ணி தெளிச்சா.

206 எலும்புக்கும் பேரு சொல்ற. எந்தப் பள்ளத்துல எந்த நரம்பு ஓடுதுங்கிற. கடைசியா எப்பச் சோறு தின்னேன்னு கேட்டா மட்டும் ஓட்டைப் பார்க்குற. அதுக்கும் சௌராசியாவோட அனாட்டமி புத்தகத்துலதான் பக்கம் தேடணுமோ?

இன்டர்னல்ல அனாட்டமி ஊத்திக்கிச்சு, அம்புட்டுத்தானே? நம்ம ஊருக்கு நீ ஒருத்தன்தான் மொத மார்க்கு. ஒங்க கிளாஸ்ல இருக்கிற 150 பேரும் அவனவன் ஊர்ல மொத மார்க்கு. வரிசையில நிறுத்தினா எவனாச்சும் கடைசியில நின்னுதானடா ஆகணும்? ஒன் தாத்தன் எட்டாப்பு வரைக்கும் அந்த வேலையைத் தனியாளா பார்த்தவன். அந்த எடத்துலயும் நல்லாத்தான் காத்து வரும்.

ராத்திரி மூணு மணிக்கு டீ குடிச்சுட்டுப் படிக்கிறியாம். தூங்கையிலதான் படிச்சது மண்டையில பதியும்னு போன லீவுல எனக்குப் பாடம் எடுத்தது யாரு? ஊருக்கு மட்டும் உபதேசம். இப்பவே பெரிய டாக்டராயிட்ட, போ.

நானும் டீக்கடையில பேப்பர் படிக்கிறவன்தான். 2024-ல தேசிய மருத்துவ ஆணையம் போட்ட குழு ஒண்ணு, எம்பிபிஎஸ் படிக்கிற பிள்ளைங்க 25,000 பேருக்கு மேல விசாரிச்சிருக்கு. நூத்துக்கு 28 பேருக்குக் கிட்ட மனநோவு இருக்குன்னு அவுகளே சொல்லியிருக்காக. ஹாஸ்டல் ரூமுக்கு நாலு பேருன்னா, ரூமுக்கு ஒருத்தன். அது நீயா, பக்கத்துக் கட்டில்காரனா? மேல்படிப்பு டாக்டர்களை வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்காதீக, ஒருநாள் லீவு விடுங்கன்னும் அந்தக் குழு எழுதியிருக்கு. நம்ம செவலைக் காளைக்கு எந்தக் குழுவும் எழுதிக் குடுக்கல. வெயில் ஏறுனா அது பாட்டுக்குப் படுத்துக்கும், நாமதான் ஏரை அவுக்கணும். நீ படிச்ச பிள்ளை, படுக்கக் கூச்சப்படுற.

காய்ச்சல்னா மாத்திரை போடுறவன், மனசு சரியில்லைன்னா மட்டும் ஏன் முக்காடு போடுற? ஒங்க ஆஸ்பத்திரியிலயே மனநல டாக்டர் இருக்காரு. அங்க போனா கூடப் படிக்கிறவன் பார்த்துருவான்னு பயம், அப்படித்தானே? அவனும் ஒனக்குப் பயந்துதான் போகாம இருக்கானோ என்னவோ. 2022-ல வந்த டெலி மானஸ்ங்கிற மனநல போன் சேவை இருக்கு, நம்பர் 14416. காசில்லாம, ராப்பகலா, தமிழ்லயே பேசலாம். மூஞ்சியக் காட்ட வேணாம்.

சரி, அப்பத்தா கருவாட்டுக் குழம்பை எறக்கிட்டா. தின்னுட்டு வந்து அந்தப் பிரஷர் மிஷினை என் கையில கட்டு. முள்ளு எங்க நின்னாலும் 120/80ன்னு அடுப்படிக்குக் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லு. ஊறுகாச் சாடியை எங்கயோ ஒளிச்சு வச்சிருக்காடா.