கடக்கியல்: ஓர் அறிமுகம்

மேடேறும்போது மிதிக்கு ஒருமுறை காலடியில் கேட்கும் ‘கடக்’ என்னும் ஒலியைச் சைக்கிள் ஓட்டுபவர் எல்லாரும் அறிவர். அதற்கென ஒரு துறைதான் இல்லை. அக்குறை நீக்க எழுந்தது இக்கட்டுரை என்க.

கடக் இருவகைப்படும்: தன்கடக், பிறகடக். பாட்டம் பிராக்கெட்டில், அதாவது கிராங்கு அச்சும் பேரிங்கும் குடியிருக்கும் குழாயில் பிறப்பது தன்கடக். சீட் கம்பியிலோ பெடலிலோ பிறந்து, பிரேம் வழியே இறங்கி வந்து பாட்டம் பிராக்கெட் மேல் பழி போடுவது பிறகடக். எழுந்து நின்று மிதித்தால் சத்தம் நிற்கிறதா? குற்றவாளி சீட் பக்கம். நிற்கவில்லையா? பெடலை மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால்தான் பாட்டம் பிராக்கெட்டைத் தொட வேண்டும். உலக வழக்கு இதற்கு நேர்மாறு. முதலில் புது பேரிங் வாங்குவர். பிறகு சீட் கம்பிக்குக் கிரீஸ் தடவுவர்.

பழைய கறுப்புச் சைக்கிளில் இவ்வளவு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. இரண்டு இரும்புக் கப், பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குலப் பால்ரஸ், நடுவில் அச்சு, கிராங்கை அதோடு பூட்டக் காட்டர் பின். கடக் கேட்டால் பெரும்பாலும் பின்தான் தேய்ந்திருக்கும். மெக்கானிக் கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்து, சுத்தியலால் பின்னை இறக்கி, நட்டை முடுக்கிவிடுவார். ஓவராயிலுக்குப் பிரித்தால் பால்ரஸ் மண்ணெண்ணெய்த் தட்டில் குளிக்கும். அதில் ஒன்று உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டால் மீதி 10 போதுமா என்பதில் இரு கட்சி உண்டு. கடைக்காரர் போதும் என்பார். வண்டிக்காரரிடம் யாரும் கேட்பதில்லை.

இனி, கப்பைக் குழாயில் பூட்டும் மரை. ஆங்கிலேயர் விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி என்றனர். துப்பாக்கி செய்யப் பிறந்த பிர்மிங்காம் கம்பெனியின் பெயரால் அது பி.எஸ்.ஏ. மரை ஆயிற்று, அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் வழியே நம் தெருக்களில் ஓடிய அதே பி.எஸ்.ஏ. பிரெஞ்சுக்காரர் 35 மி.மீ. என்றனர். இரண்டுக்கும் வித்தியாசம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனாலும் ஒன்றில் மற்றது ஏறாது. இத்தாலியர் 36.

அச்சு ஒரு பக்கம் சுற்றச் சுற்ற, கப் எதிர்ப்பக்கமாக மெல்ல நகரப் பார்க்கும். அதனால் செயின் இருக்கும் வலப்பக்கத்துக்கு ஆங்கிலேயர் இடமரை வெட்டினர். கப் நகர்ந்தால் இறுகும். இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் இருபுறமும் வலமரை வைத்தனர், நகர்ந்தால் கழலும். அழகுணர்ச்சி என்று இதற்கு உரை காண்பாரும் உளர். சுவிட்சர்லாந்து நடுநிலை நாடல்லவா? பிரெஞ்சு அளவை எடுத்துக்கொண்டு, மரையை ஆங்கிலேயர் பக்கம் திருப்பிக்கொண்டது.

இந்தச் சண்டையே வேண்டாமென்று 2000-இல் கேனண்டேல் என்னும் சைக்கிள் கம்பெனி பி.பி.30-ஐக் கொண்டுவந்தது. மரை கிடையாது; 42 மி.மீ. துளையில் பேரிங்கை நேரே அழுத்திச் செருகு, 30 மி.மீ. அலுமினிய அச்சைப் போடு. எடை குறையும், விறைப்பு கூடும். 2006-இல் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் எனத் திறந்தும் விட்டது. அதன்பின் 46, 41, 37 என்று ஊருக்கொரு துளை.

சித்தாந்தத்தில் குற்றமில்லை; உலகில் எண்ணற்ற எந்திரங்களில் பேரிங் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அங்கே துளையை லேத்தில் கடைந்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் அளக்கிறார்கள். கார்பன் துணியைப் பசையோடு அடுக்கி வார்ப்பச்சில் வேகவைத்த பிரேமில் துளை சற்றே நீள்வட்டமாகலாம். இருபுறத் துளைகளும் ஒரே கோட்டில் நில்லாமலும் போகலாம். அப்போது ஒவ்வொரு மிதிக்கும் பேரிங் தன் இருக்கையில் மயிரிழை அசையும். அதுவே தன்கடக். ‘பேரிங் மட்டம்’ என்பார் கூற்று பொருந்தாது. மட்டமானது துளை, விலைச்சீட்டோ முழு பிரேமுக்கும் சேர்த்துப் போட்டது.

அற்றேல், தீர்வு என்னையோ எனின், மரையே. 2015-இல் பாகம் செய்யும் கிறிஸ் கிங், பிரேம் செய்யும் ஆர்கனாட் ஆகிய இரு கம்பெனியாரும் சேர்ந்து டி47-ஐ வெளியிட்டனர்: 47 மி.மீ. குழாய், உள்ளே மரை, வலப்பக்கம் இடமரை. பிர்மிங்காம்காரர் தலையாட்டியிருப்பார். கார்பனில் மரை வெட்டினால் நில்லாது என்பதால், கார்பன் பிரேமில் மரை வெட்டிய அலுமினியக் குழாயைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். அந்தப் பசை விட்டால் வருவது தன்கடக்கா பிறகடக்கா என்பது அடுத்த ஆய்வாளர் பாடு.